வசிப்போர்: மூன்று

மார்ச் 4, செவ்வாய்

இன்று அலுவலகத்தில் பதினோரு விண்ணப்பங்களைத் திருப்பி அனுப்பினேன். ஒருவர் தன் பிறந்த தேதிக்கு மனைவியின் தேதியை எழுதியிருந்தார். நான் வாசித்து முடிக்கும் வரை எதிரே நின்றுகொண்டே இருப்பார்கள், பாவம். முதுகுக்குப் பின்னால் எனக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். இருக்கட்டும்.

மாலையில் தம்பி மின் அலுவலகப் படிவத்தோடு வந்தான். இரவில் கட்டணம் குறையும் மீட்டருக்கு மாறப் போகிறோம். இணைப்பு என் பெயரில். "பெருக்கல் குறி போட்ட இடத்துல மட்டும் கையெழுத்துப் போடுக்கா. மத்ததெல்லாம் நிரப்பிட்டேன்." அடுப்பில் பால். மூக்குக்கண்ணாடி உள்ளறையில். நான்கு இடத்தில் போட்டுக் கொடுத்தேன்.

மார்ச் 8, சனி

மூச்சுக் கருவியின் குழாயைக் கழுவிக் காயவைத்தேன். தூக்கத்தில் எனக்கு மூச்சு நிற்கிறது என்று தெரிந்ததும் அலைந்து திரிந்து இதை வாங்கிவந்தவன் தம்பிதான். மாட்டிக்கொள்ளக் கற்றுக்கொடுத்தவனும் அவன்தான்.

மார்ச் 13, வியாழன்

மின் அலுவலகத்திலிருந்து கடிதம். விவரங்கள் சரியா என்று உறுதி செய்ய, படிவத்தின் நகலோடு.

ஏழாவது கட்டம். மருத்துவக் கருவி: இல்லை.

இந்தத் திட்டத்தில் காலை ஐந்து மணிக்குச் சலுகை நேரம் முடிந்ததும் படுக்கையறைகளுக்கு மின்சாரம் சில மணி நேரம் தானாக நிற்குமாம். நான் கருவியை மாட்டிக்கொண்டு ஆறு வரை தூங்குகிறவள். தம்பியிடம் கேட்டேன். "உண்டுன்னு போட்டா டாக்டர் கடிதம், தனி வயர்னு அலைய விடுவாங்கக்கா. அஞ்சு மணிக்கு நான் எழுப்பிவிட மாட்டேனா?" சரிதானே என்று தலையாட்டினேன்.

பிறகுதான் ஆறாவது கட்டத்தைப் பார்த்தேன். வசிப்போர்: மூன்று.

அவன், அவன் மனைவி, பாப்பா. "அப்போ நான்?" என்று கேட்டேன்.

அவன் சுவரைப் பார்த்தான். அவன் மனைவிதான் வாய் திறந்தாள். "பாப்பா பெரிய கிளாஸ் போறா அண்ணி. தனி ரூம் வேணும். உங்க ஆபீஸ் பக்கத்துலயே ஹாஸ்டல் பார்த்து வெச்சிருக்கோம். எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல."

மார்ச் 14

கேட்டிருந்தா குடுத்திருப்பேனே. ரூமை விட்டுட்டுக் கூடத்துல படுத்திருப்பேனே. ஊர்ல உள்ளவங்க காகிதத்தையெல்லாம் துருவின கண்ணு, தம்பி காகிதத்துல மட்டும் அவிஞ்சு போச்சு. நான் இல்லைன்னு என்கிட்டயே கையெழுத்து வாங்கிட்டான் — நம்ப வெச்சுக் கழுத்தறுக்கிறதுன்னா இதான்.

சாப்பிடவில்லை.

மார்ச் 17, திங்கள்

அரை நாள் விடுப்பு. மின் அலுவலகம் போனேன். சன்னலில் இருந்த பெண் படிவத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "உங்க கையெழுத்துதானே மேடம்? படிக்காமயா போட்டீங்க?"

தினமும் நான் கேட்கிற கேள்வி. பேனாவைத் திறந்தேன்.

மூன்றை அடித்து நான்கு என்று எழுதினேன். இல்லையை அடித்து, உண்டு. பக்கத்தில் சின்னக் கையெழுத்து. டாக்டர் கடிதம் தனியாகத் தர வேண்டும்.

மார்ச் 20

கடிதம் கொடுத்தாயிற்று. பாப்பா மட்டும் வந்து, "நான் ரூம் கேக்கவே இல்ல அத்தை" என்றாள். நம்பினேன். நம்புகிற புத்தி இன்னும் போகவில்லை பார்.

ஏப்ரல் 9, புதன்

மீட்டர் மாறியது. என் அறைக்கு மட்டும் எந்நேரமும் மின்சாரம் வரும் தனி வயர். வயர்மேன் ஏறி நின்று இழுத்தார், தம்பி ஏணியைப் பிடித்துக்கொண்டான். அதைக் கழற்றுவதானால் என் கையெழுத்து வேண்டுமாம். அவர் அதைச் சொன்னபோது தம்பி கீழே பார்த்தான்.

ஏப்ரல் 21, திங்கள்

பாப்பாவின் பள்ளிப் படிவத்தோடு தம்பி வந்தான். சாட்சிக் கையெழுத்து வேண்டுமாம். "இங்க ஒண்ணு போடுக்கா."

உள்ளே போய்க் கண்ணாடியை எடுத்துவந்தேன். முதல் வரியிலிருந்து வாசித்தேன். பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தேன். தவறு ஏதும் இல்லை. மறுபடி ஒருமுறை வாசித்தேன்.

அதுவரை அவன் எதிரே நின்றுகொண்டிருந்தான். உட்கார் என்று நான் சொல்லவில்லை.