மெக்சிகோ தூளியில் உன் அப்பா

சிதம்பரம்
9.1.2012

அன்பு மகன் அருள்முருகனுக்கு அம்மா எழுதுவது. இங்கு நான் நலம், உன் அப்பாவும் நலம், அந்த வரியை இன்னொரு தரம் படி, உன் அப்பா உயிரோடுதான் இருக்கிறார், இதோ ஆஸ்பத்திரிக் கட்டிலில் காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு காப்பியில் சர்க்கரை போதவில்லை என்று என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறார். நீயும் மலர்க்கொடியும் அங்கே சுகமாக இருக்க வேண்டும்.

முப்பதாம் தேதி விடியற்காலம் அடித்த புயலில் மாட்டுக்கொட்டகைச் சுவர் இடிந்து அவர் தொடைமேல் விழுந்துவிட்டது. அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடிவந்தார்கள். போன் இல்லை, மெயின் ரோடு வரைக்கும் மரமாய்ச் சாய்ந்து கிடக்கிறது, மேலே ஏறி அடியில் நுழைந்து அவரைத் தூக்கிப் போகக் கட்டில் தோதுப்படாது. என் புடவையில் தூளி கட்டினோம், பத்தடி போவதற்குள் கிழிந்தது. அப்போது உன் மாமனார் அந்தோணிசாமி வந்து நின்றார், உன் கல்யாணத்துக்குப் பிறகு இரண்டு வருஷமாக நம் வாசலை மிதிக்காத மனுஷன். பிள்ளைகள் மெக்சிகோவிலிருந்து அனுப்பிய வலைத்தூளி எங்கே என்று கேட்டார். உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது, அதை உன் அப்பா ஒரு நாள்கூடக் கட்டிப் படுக்கவில்லை, நான் என்ன கைக்குழந்தையா என்று வீசிவிட்டார், நான்தான் அதில் வெங்காயம் போட்டு வைத்திருந்தேன். அதைக் கொட்டிவிட்டு மூங்கிலில் மாட்டினோம். முன்னால் உன் மாமனார், பின்னால் பக்கத்து வீட்டுத் திருநாவுக்கரசு, ஒரு கயிறுகூட அறுபடவில்லை. தூளியோடு நீ எழுதி அனுப்பினாயே, அந்தப் பக்கத்துத் தீவு ஜனங்கள் பாம்பு பூச்சி அண்டாமல் இருக்க மரநாரில் பின்னித் தொங்கவிட்டுப் படுத்தார்கள், அதைப் பார்த்துத்தான் கப்பல்காரர்கள் கப்பலில் கட்டிக்கொண்டார்கள், செத்தால் அதிலேயே வைத்துப் புதைப்பதும் உண்டு என்று, அந்தக் கடைசி வரி வழியெல்லாம் என் நெஞ்சில் குத்திக்கொண்டே வந்தது.

புதுச்சத்திரம் ரோட்டுக்கு வந்தால், மூங்கிலில் தூளி தொங்குவதைப் பார்த்தவர்கள் பிணம் என்றே முடிவுகட்டிவிட்டார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு ஒதுங்கி நின்றார்கள், ஒரு அம்மாள் மாரில் அடித்துக்கொண்டாள், உள்ளேயிருந்து இவர் முனகியதும் அலறிக்கொண்டு ஓடினாள். வேன் பிடித்து இவரை நாங்கள் சிதம்பரம் கொண்டுவந்து சேர்த்தோம், அந்தப் பொய்ச் சேதி பெண்ணாடத்தில் இருக்கும் உன் சித்தப்பா பழனிவேல் வரைக்கும் போய்விட்டது. மூன்றாம் நாள் அவர் மாலையும் கோடித்துணியுமாக ஆஸ்பத்திரிக்கே வந்து, இவர் கஞ்சி குடிப்பதைப் பார்த்து வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, சேதி கேட்டதுமே உனக்குப் போன் பண்ணியதையும் நீ சொன்னதையும் சொன்னார். "புள்ளையே இல்லன்னு சொன்னவருக்கு நான் எதுக்குக் கொள்ளி வைக்கணும், நீங்களே வச்சிடுங்க சித்தப்பா." சுவர் விழுந்ததுகூட என்னை இப்படி உலுக்கவில்லை. நான் பெற்ற பிள்ளையா இது என்று திகைத்துப்போய் நின்றேன். மலர்க்கொடியைக் கட்டினதற்காக உன் அப்பா உன்னை அப்படிச் சொன்னது தப்பு, நான் இல்லை என்று சொல்லவில்லை, அதற்காக அப்பா செத்தார் என்று கேட்ட வாயால் இதைச் சொல்வார்களா?

அன்று சாயங்காலம் உன் அப்பாவாகவே கேட்டார், அவனுக்குச் சேதி போச்சாமே, என்ன சொன்னான் என்று. நாற்பது வருஷத்தில் அவரிடம் நான் பொய் சொன்னதில்லை. போனிலேயே அழுதுவிட்டான், டிக்கெட் போடுகிறானாம் என்று சொல்லிவிட்டேன். பக்கத்தில் உன் மாமனார் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். அவரை வைத்துக்கொண்டே உன் அப்பா, "ஒரு டிக்கெட்டா, ரெண்டா?" என்று கேட்டார். இரண்டு வருஷமாக மலர்க்கொடி பேச்சையே எடுக்காதவர். உன் மாமனார் உரித்த சுளையை இவர் கையில் வைத்தார்.

எத்தனை தரம் அடித்தாலும் நீ போனை எடுப்பதில்லை, அதனால்தான் இந்தக் கடிதம். நடராசரும் வேளாங்கண்ணி மாதாவும் உங்களுக்குத் துணை இருக்கட்டும், நீங்கள் நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும். வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, நான் அவரிடம் ரெண்டு என்று சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
தில்லையம்மாள்