கடித்துப் பார்த்த கிழங்கு

1979 ஆகஸ்ட், ஞாயிறு

கொச்சியில், கொச்சங்காடி கிடங்கில் இஞ்சியோ மஞ்சளோ, கடித்துப் பார்த்துத்தான் என் வீட்டுக்காரர் தரம் சொல்வார். இன்று காட்டுப் பாதையிலும் அதே புத்தி. மழையில் மண் சரிந்து வெளியே தெரிந்த ஒரு கிழங்கைப் பிடுங்கினார்.

"என்ன சரக்குன்னு பாத்துடறேன்டீ" என்று கடித்து மென்றார். அந்தக் கொடியில் நெருப்பு மாதிரி பூத்திருந்ததை நான் தலையில் வைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் வாந்தி தொடங்கியது, நிற்கவேயில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் என் தலையைப் பார்த்துத் திடுக்கிட்டார்.

"இது மேந்தோன்னியல்லோ! இதோட கிழங்கா தின்னது? கொடிய விஷமாணு!" நம்மூர்ச் செங்காந்தளைத்தான் அப்படிச் சொன்னார்.

ஆண்கள் வார்டில் இரவு பெண்கள் தங்கக் கூடாதாம். கொழுந்தன் துணைக்கு இருக்கிறான். வீட்டுக்கு வந்து, தலையிலிருந்த பூவை எடுத்து மேசையில் போட்டேன். இன்னும் வாடவில்லை. விடியுமுன் கொழுந்தன் வந்து கதவைத் தட்டாமல் இருக்க வேண்டும்.