பெட்டிக்குள் குங்குமம்

அக்டோபர் 1987, வியாழன் இரவு

பெரிய பேரன் ஜெராமில் வாத்தியார். அடுத்தவன் செகிஞ்சானில் சொந்த லோரி ஓட்டுகிறான். பேத்தி கலா கிள்ளான் பெரிய ஆபீசில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள்.

எங்கள் எஸ்டேட் ஆபீசில் அவள் வைத்துப்போன கம்ப்யூட்டர் நின்றதும், பழியை அவள்மேல் போட்டு எஸ்டேட் மேனேஜர் துரைக்கு எழுதிவிட்டார், ஆபீஸ் கணக்குப் பார்க்கும் பெரிய கிராணி. அவள் வேலையே போயிருக்கும். கோயிலில் எல்லோர் முன்னாலும், கூலியாட்களின் வரிசை வீட்டில் இருக்கும் என்னைப் பார்த்து, "லயத்துப் புள்ளைகிட்ட மெஷினக் குடுத்தா இப்படித்தான்லா" என்றார்.

இன்று கலாவே வந்தாள். ஆபீசில் உள்ள மற்றக் கம்ப்யூட்டர் பெட்டிகளுக்கெல்லாம் தலைமையான, நின்றுபோன அந்தப் பெட்டியில், பழுது கண்டுபிடிக்கும் புரோகிராமை ஏற்றி ஓடவிட்டாளாம். பிளாப்பித் தட்டு போடும் இரண்டாவது வாயில்தான் கோளாறு என்று திரையில் வந்ததாம். துரை முன்னால் மூடியைத் திறந்தால் உள்ளே குங்குமமும் காய்ந்த சந்தனமும். ஆயுத பூசையன்று பொட்டு வைத்தது கிராணியேதான்.

"சாமி காரியம்மா, தெரியாம நடந்துருச்சு" என்று கெஞ்சினாராம்.

"பொட்ட நெத்தியில வைக்கணும் ஐயா, வாயில ஊட்டக் கூடாது" என்றாளாம் கலா.

எனக்கு இன்னும் ஆறவில்லை. அடுத்த வெள்ளி கோயிலுக்குக் கிராணி வீட்டு வாசல் வழியாகத்தான் போவேன், கையில் அவள் படத்தோடு. நாளைக்கே அவளுக்குக் கடிதம் போட வேண்டும்: கலா, உன் ஆபீஸ் கம்ப்யூட்டர் பக்கத்தில் நின்று புதுப் போட்டோ ஒன்று எடுத்துச் சீக்கிரம் தபாலில் அனுப்பு. பெரிசாக இருக்கட்டும்.