பாறையில் விழுந்த இரண்டு நிழல்

என் அன்பு மிக்கேலு,

உன் முதல் வருஷ நினைவுப் பூசைக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. ஐப்பசி மழையும் அதே சமயத்தில்தான் தொடங்கும். இரண்டுக்கும் முன்னால் உன்னிடம் ஒன்று சொல்லியாக வேண்டும். வீட்டுக்குள் உட்கார்ந்து உன் படத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம். மற்றவர்களும் கேட்க வேண்டிய விஷயம் என்பதால் பத்திரிகையில் எழுதுகிறேன்.

செங்கோட்டைக்கு மேற்கே மலையேறும் அந்தச் சரக்கு வண்டி இன்றைக்கும் ஓடுகிறது. முன்னால் ஓர் எஞ்சின் இழுக்க, பின்னால் ஓர் எஞ்சின் தள்ள, நடுவில் நம் தூத்துக்குடி உப்பு. நீ பயந்த அந்தக் கல்சுவர் இன்னும் விழவில்லை. நல்ல செய்தி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பழைய துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஸ்டூடியோ வைத்து, கல்யாணமும் கோயிலில் பிள்ளைகளின் புதுநன்மைச் சடங்கும் படம் எடுத்துப் பிழைத்தவன் நீ. பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தியவன் நான். ஒருநாள் கூட்ஸ் ஷெட்டில் உப்பு ஏற்றுவதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். "இந்த உப்பு மலையில எப்படி ஏறுதுன்னு பார்க்கணும், வாத்தியாரே" என்றாய். அப்படித் தொடங்கியதுதான். மாதம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் புறப்படுவோம். சனிக்கிழமை காலை வெயில் முதுகில் விழ, அந்தப் பாறைமேல் நிற்போம். வண்டி வளைவில் தலைகாட்டும்போது நீ சொல்வாய்: "உப்புக்கு மூச்சு வாங்குது பாரும்வே. ஊருல சும்மா குமிஞ்சு கிடந்த பய, இப்பம் மலை ஏறுதான்."

எல்லா மாதமும் ஒரே படம்தான். அதே பாறை, அதே வளைவு. எனக்கு அது முதலில் விளங்கவில்லை. உன் அப்பா முத்துக்குளிக்கப் போன காலத்தில், கடலில் இடம் பிடிக்க மாதா கோயில் கோபுரத்தையும் ஒரு பனையையும் ஒன்றன்பின் ஒன்றாக நேரே வைத்துப் பார்ப்பாராமே, அதை நீ மலைக்குக் கொண்டுவந்தாய். பாறை விளிம்பில் வெள்ளைப் பெயிண்டில் ஒரு சிலுவை. அதற்கு நேர் மேலே தண்டவாளத்தோரத் தந்திக் கம்பம். கம்பத்துக்குப் பின்னால், மலைச்சரிவைத் தாங்கி நிற்கும் கல்சுவரின் முனை. மூன்றும் ஒரே கோட்டில் வந்தால் காமிரா சரியான இடத்தில் இருக்கிறது என்று அர்த்தம்.

எமர்ஜென்சி வந்த வருஷம், மழை ஓய்ந்து நாம் போன சனிக்கிழமை நினைவிருக்கிறதா?

"வாத்தியாரே, கம்பத்துக்கும் சுவருக்கும் நடுவுல வெளிச்சம் தெரியுது."

குனிந்து பார்த்தேன். ஒரு விரற்கடை இருக்கும். "ஸ்டாண்டைத் தள்ளி வச்சிருப்பே" என்றேன்.

"சிலுவைக்கு நேராத்தான் வச்சிருக்கேன்."

"ஏலே, மலையா நகரும்? நீதான் நகர்ந்திருப்பே. மழையில குறி கலைஞ்சிருக்கும். அழிச்சிட்டு வேற போடு."

நீ முணுமுணுத்துக்கொண்டே ஒரு படம் எடுத்தாய். பிறகு காமிராவை நகர்த்தி அந்த வெளிச்சத்தை மூடினாய். பழைய சிலுவையைக் கல்லால் தேய்த்துவிட்டுப் புதிய சிலுவை போட்டோம். அடுத்த மாதமும் இடைவெளி வந்தது. அதற்கடுத்த மாதமும். ஒவ்வொரு தடவையும் நகர்ந்துகொண்டவர்கள் நாம்தான்.

முப்பது வருஷம் வகுப்பில் நான் சொன்ன உதாரணம் என்ன தெரியுமா? ஸ்டேஷனில் பக்கத்து ரயில் புறப்பட்டால் நம் ரயில் நகர்வதுபோலத் தோன்றும். எது நகர்கிறது என்று அறிய பிளாட்பாரத்தைப் பார்க்க வேண்டும். நம் பிளாட்பாரம் அந்தச் சிலுவைதான். அதைத் தேய்த்து அழிக்கச் சொன்னவன் நான்.

ஆனால் பெயிண்ட் முழுதாக அழியவில்லை. தை மாதம் இருட்டறைக்கு என்னைக் கூப்பிட்டாய். தண்ணீர் சொட்டும் படத்தைத் தூக்கிப் பிடித்து, "கீழ எண்ணும்" என்றாய். படத்தின் அடியில் புதிய சிலுவை பளிச்சென்றும், அதற்குப் பக்கத்தில் மூன்று சிலுவைகள் மங்கலாகவும் வரிசையாக நின்றன. கல்லறைத் தோட்டத்து ஓரம்போல இருந்தது.

"மூணு தடவை நகர்ந்திருக்கோம். சுவரு நடந்திருக்கு வாத்தியாரே, நாமளும் கூடவே நடந்திருக்கோம்."

அந்தச் சுவர் அடியில் வண்டி ஆமைபோலத்தான் ஊர்ந்து போகும். கடைசிப் பெட்டியிலிருந்து அந்த கார்டு நமக்குப் பச்சைக் கொடி ஆட்டுவார். ஒருவருக்கு ஒன்று, மற்றவருக்கு ஒன்று என்று இரண்டு ஆட்டு. பெயர்கூடத் தெரியாத மனிதர். ரயில்வேக்காரர்களிடம் சொல்லியாக வேண்டும் என்றாய். நான் என்ன சொன்னேன்? ரயில்பாதையைப் படம் எடுத்தோம் என்று இந்தக் காலத்தில் யாராவது போய்ச் சொல்வானா, எனக்கு வேலை போய்விடும், அடுத்த மாதம் பார்ப்போம் என்றேன்.

நீ தனியாகப் போனாய். அடிவாரத்து ரயில்வே ஆபீசில் ஒருநாள் முழுக்க உட்கார வைத்து, "யாரு அனுப்பினா? கூட யாரு?" என்று கேட்டார்களாம். காமிராவைப் பிடுங்கிக்கொண்டு, படங்களை மட்டும் திருப்பிக் கொடுத்தார்கள். "நீ நின்ன இடம் மாறியிருக்கு, சுவரு அங்கனயேதான் நிக்குதுன்னுட்டாக" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாய். நான் அந்த ஆபீசை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவர்கள் சொன்னதும் நான் பாறைமேல் சொன்னதும் ஒன்றுதான் என்று நீ சுட்டிக்காட்டவில்லை.

எமர்ஜென்சி முடிந்த பிறகு நான் போயிருக்கலாம். போகவில்லை. இத்தனை நாள் விழாத சுவர் இனி விழாது என்று எனக்கு நானே பாடம் நடத்திக்கொண்டேன். அப்புறம் போன ஐப்பசியில், ஸ்டூடியோ நாற்காலியில் உட்கார்ந்தபடியே உன் நெஞ்சு நின்றுபோனது.

சென்ற மாதம் உன் வீட்டுக்காரி பிலோமி உன் தகரப் பெட்டியை என் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். ஆபீசுக்கு நீ கொண்டுபோன படங்கள் மேலாக இருந்தன. எல்லாமே அடியில் வெட்டப்பட்டிருந்தன. கம்பமும் சுவரும் மட்டும் இருந்தன. பாறை இல்லை, சிலுவை ஒன்றுகூட இல்லை.

"இது யாரு வெட்டினது, தாயி?"

"அவுகதான். அங்கன போறதுக்கு முந்தின நாளு கத்திரியும் கையுமா இருந்தாக. நல்ல படத்தை ஏன் இப்படி வெட்டுதீகன்னு கேட்டேன். கீழ வேண்டாத சாமான் விழுந்திருக்குன்னாக."

அடியில் பிலிம் சுருள்கள் இருந்தன. அவற்றை வெளிச்சத்தில் பிடித்தபோதுதான் விளங்கியது. சிலுவைகள்மீதே விழுந்தபடி, காலை வெயிலில், பாறைமேல் இரண்டு நிழல் நீண்டு கிடந்தன. காமிராவுக்குக் குனிந்த நிழல் உன்னுடையது. பக்கத்தில் குடையும் வேட்டியுமாக நிற்பது நான். என்னை வெட்டுவதற்காக உன் சாட்சியையே வெட்டியிருக்கிறாய். நம்ப வைக்க உன்னிடம் இருந்தது அந்தச் சிலுவைகள்தானே, மிக்கேலு. இதை ஒரு நாளாவது என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா?

போன சனிக்கிழமை தனியாகப் பாறைக்குப் போனேன். உன் முதல் சிலுவையைத் தேடிப் பிடித்து, அதற்குப் பின்னால் நின்று பார்த்தேன். கம்பத்துக்கும் சுவருக்கும் நடுவில் இப்போது என் உள்ளங்கை நுழையும். வண்டி வந்தது. கார்டு என்னைப் பார்த்துக் கொடியை இரண்டு தடவை ஆட்டினார். பின் எஞ்சினும் வளைவில் மறைந்த பிறகு, காற்றே இல்லாத நேரத்தில், சுவர் மேலிருந்து சிறுகற்கள் உருண்டு தண்டவாளத்தில் விழும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

நேற்று பிலோமி உன் இருட்டறையில் பிலிம்களை முழுதாகப் படம் போட்டுக் கொடுத்தாள். "வேண்டாத சாமானையும் சேர்த்தா அண்ணாச்சி?" என்று போடுமுன் கேட்டாள். அதைச் சேர்த்துத்தான் என்றேன்.

நீ முணுமுணுத்துக்கொண்டே எடுத்த அந்தப் படத்தில் எல்லாம் இருக்கிறது. சிலுவையும் கம்பமும் ஒரே கோட்டில் நிற்கின்றன. சுவர் மட்டும் விலகியிருக்கிறது. திங்கட்கிழமை அதோடு அடிவாரத்துக்குப் போகிறேன். கூட யார் என்று இந்தத் தடவையும் கேட்பார்கள். நிழலைத் தொட்டுக் காட்டி என் பெயரைச் சொல்வேன். யாராவது ஒருவர் என்னோடு பாறைவரை வந்து, உன் சிலுவைக்குப் பின்னால் நின்று, ஒரு கண்ணை மூடிப் பார்க்கும்வரை திரும்ப மாட்டேன். இது நான் உனக்குத் தரும் வாக்கு. மழை என்னை முந்தாமல் இருக்க வேண்டும். இதை எழுதும்போதே மேற்கே கறுத்துக்கொண்டு வருகிறது.

உன் படத்தில் இனி வெட்டுப்படாமல் நிற்கப்போகும்,
உன் வாத்தியார் அண்ணன்