யசிந்தா வீட்டுக் கூரையும் நறுவிலிக்குளத்துப் போமனும்

பேசாலை,
14.09.2025

அன்பு மகள் யசிந்தாவுக்கு,

உனக்கும் மருமகனுக்கும் அந்த நோர்வேப் பனிக்குள் ஒரு குறையும் வராமலிருக்க மடு மாதாவிடம் கேட்டுக்கொண்டு சித்தப்பா எழுதுவது. இங்கே நானும் சித்தியும் நல்ல சுகம், சித்தியின் இடது முழங்கால் மட்டும் எங்களோடு ஒத்துப்போக மறுக்கிறது. மகள், இப்போது நான் சொல்லப்போகும் கதையை மன்னார்த் தீவில் ஒருவரும் நம்பமாட்டார்கள், நீ நம்புவதற்கு வழியே இல்லை, ஆனாலும் அத்தனையும் சத்தியம் என்று நெஞ்சில் கை வைத்துத் தொடங்குகிறேன். நான் கட்டிக்கொண்டிருக்கும் உன் வீட்டில் மேசன்மாரை மேய்க்க ஒரு போமன் பிடித்துவிட்டேன். மூன்று இடத்தில் கொந்தராத்து எடுத்துவிட்டு எல்லா இடத்திலும் நானே நிற்க முடியுமா? ஆள் தேவை என்று சொன்ன அன்றைக்கு ஏழாயிரம் பேர் வந்தார்கள், வரிசை தலைமன்னார் இறங்குதுறையில் போய் முடிந்தது. சரி, மூன்று பேர் என்று வைத்துக்கொள். இரண்டு பொடியன்கள் கறுப்புக் கண்ணாடி போட்டு, என் கதிரையிலேயே இருந்து போன் பார்த்தார்கள். மூன்றாவது ஆள் சிவராணி, இருபத்து நான்கு வயது, தாய் தகப்பன் மலைநாட்டிலிருந்து வந்து நறுவிலிக்குளத்தில் தோட்டம் செய்கிறவர்கள். தொழில்நுட்பக் கல்லூரியில் படித்து, வீட்டுத்திட்டத்தில் இரண்டு வருடம் வேலைக்கு நின்றவள். என் கந்தோர் அறைக்குள் வந்தவள் வணக்கம் சொல்ல முதல் தூக்குக்குண்டைச் சுவரில் பிடித்து, அரை அங்குலம் சரிவு, யார் கட்டினது என்று கேட்டாள். கட்டினது நான். அந்தச் சுவரில் காகம் இருந்தால் வழுக்கி விழும் என்பது எனக்கும் தெரியும், ஆனால் முப்பது வருடமாக ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்த நிமிடமே வேலை கொடுத்தேன்.

அவளிடம் ஒரே குறை, சத்தம் வராது. அண்ணா அந்தக் கம்பியை என்று தொடங்குவாள், மேசன் அந்தோனி காது கேளாதவன் மாதிரி வெற்றிலை போடுவான். ஒரு கிழமை பின்னேரம் பின்னேரமாகக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போய், சாந்து கொண்டு வா என்று கடலைப் பார்த்துக் கத்த விட்டேன். நான்காம் நாள் இராமேஸ்வரத்தில் ஒருவன் சாந்துச் சட்டியோடு தண்ணீருக்குள் இறங்கிவிட்டதாகக் கேள்வி.

போன மாதம் உன் கூரைக்குக் கொங்கிறீற் போடும் நாள். சுவாமியார் வந்து தீர்த்தம் தெளித்துவிட்டுப் போய்விட்டார், சித்தி முப்பது பேருக்குப் புரியாணி ஏற்றிவிட்டாள், பெருநிலத்திலிருந்து நல்ல தண்ணீர் கொண்டுவந்த பவுசர் லொறி பாலத்தடியில் ரயர் வெடித்து நின்றுவிட்டது. மார்கழியில் நத்தாருக்கு நீ வந்து படுக்கக் கூரை வேண்டுமே என்று, உன் காணி மூலைக் கிணற்றில் மோட்டர் வைத்துத் தாங்கியை நிரப்பினேன். சிவராணி ஒரு கை அள்ளி வாயில் வைத்துத் துப்பினாள். உப்பு என்றாள். நான் குடித்துப் பார்த்தேன், தேன். அந்தோனி குடித்தான், தேன் என்றான். முப்பது பேரும் வரிசையாகக் குடித்துத் தேன் என்றோம், எல்லோரும் பேசாலைக்காரர், பிறந்த நாள் முதல் அந்தத் தண்ணீர்தான். உப்பு கம்பியைத் தின்றுவிடும், ஐந்து வருடத்தில் கூரை உதிர்ந்து யசிந்தா அக்காவின் தலையில் விழும் என்றாள். முப்பது பேருக்கு முன்னால் எனக்கு மானம் போய்விட்டது. யார் முதலாளி என்று கேட்டேன். அப்போதுதான் நான் கடற்கரையில் வளர்த்த குரல் எனக்கே திரும்பி வந்தது.

“முதலாளி நீங்கதாங்க ஐயா. ஆனா இந்தத் தண்ணியில கொங்கிறீற் போட நான் விடமாட்டேன்.”

அப்படியென்றால் வீட்டை போ என்றேன். போனாள், கலவை மெசினை ஸ்ரார்ட் பண்ணும் கைபிடியைப் பைக்குள் போட்டுக்கொண்டு. கைபிடி இல்லாமல் முப்பது பேரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். சித்தி ஒரு தேத்தண்ணி தந்தாள். இதுக்குள்ளே என்ன போட்டாய், வேறு ருசியாக இருக்கிறதே என்று கேட்டேன்.

“ஒண்டும் போடேல்லை. அந்தப் பிள்ளை விட்டிட்டுப் போன போத்தில் தண்ணியில ஊத்தினனான். எங்கட உப்புத்தான் இல்லை.”

உடனே நாற்பது உழவு இயந்திரம், கோவில் பேண்ட் வாத்தியம், நடுவில் யானை மேல் நான், நறுவிலிக்குளம் வரை ஊர்வலமாகப் போய் அவளை அழைத்து வந்தேன். இரண்டு நாள் கழித்து, பவுசர் தண்ணீரை அவள் நாக்கில் வைத்துப் பார்த்துத் தலையாட்டின பிறகு, விடிய ஆறு மணிக்குத் தொடங்கி இரண்டு மணிக்குக் கொங்கிறீற் போட்டு முடித்தோம். அவள் கத்தினால் இப்போது அந்தோனி வெற்றிலையை விழுங்கிவிடுகிறான். கூரையின் மேல் இனி ஆகாய விமானம் இறங்கலாம் மகள், நீ நேரே வீட்டிலேயே வந்து இறங்கு.

தரை ஓட்டின் நிறத்தைக் கெதியாகச் சொல்லு, குளிருக்குத் தலையை மூடிக்கொண்டு போ, ஞாயிறு பூசையை விடாதே. மாதா உங்கள் இருவரையும் தன் கைக்குள் வைத்திருப்பா.

ஏழாயிரம் பேரும் யானையும் பொய் என்று சித்தி உனக்குப் போனில் சொல்லத்தான் போகிறாள். ஒரு சின்ன விசயம் மட்டும் உண்மை. மோட்டச்சைக்கிளில் தனியாகத்தான் போனேன். அவளுடைய தாய் பார்த்துக்கொண்டு நிற்க, முற்றத்தில் நின்று, பிழை என்னில்தான் பிள்ளை, வா என்று கேட்டேன்.

இப்படிக்கு,
உன்னைத் தூக்கி வளர்த்த சித்தப்பா,
எமிலியானுஸ்