அப்பாவின் விரல் முந்தட்டும்

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி குறைந்ததா? நான் வேளைக்குச் சாப்பிடுகிறேன், நம்பு. பக்கவாதம் வந்து ஐந்து மாதமாகியும் அப்பாவின் வலது கை அசையவே இல்லை என்று எழுதியிருந்தாய். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

இங்கே ஆய்வுக்கூடத்தில் ஒரு கூத்து நடந்தது. இணைந்திருக்கும் இரண்டு மூளைச் செல்களை அடுத்தடுத்துத் தூண்டுவது என் வேலை. செய்தி அனுப்பும் செல் ஒரு கணம் முந்தினால், இணைப்பு வலுப்படும். நான் வயர்களை மாற்றிச் செருகிவிட்டேன். வாங்கும் செல் முந்திக்கொண்டது, இணைப்பு இளைத்துப்போனது. பேராசிரியை சிரித்துவிட்டார். "கத்துக்கொடுக்கச் சொன்னா மறக்கடிச்சிட்டு வந்திருக்கீங்களேம்மா!"

அறைக்கு வந்து, நீ அனுப்பிய பயிற்சி வீடியோவை மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தேன். "பாவம், மனுஷன் கஷ்டப்படுறாரு" என்று சொல்லிக்கொண்டே அவர் கையைத் தூக்குகிறாய். ஆனால் அம்மா, உன் கை தொடுவதற்குச் சற்று முன்பே அவருடைய சுண்டுவிரல் அசைகிறது. பலமுறை பார்த்துவிட்டேன். நிச்சயம் அசைகிறது.

மனிதரும் இரண்டு செல்களும் ஒன்றல்ல. பிசியோதெரபிஸ்டிடமும் கேட்டுக்கொள். ஆனாலும் இனி அவரே முதலில் முயலட்டும். அவர் விரல் அசைந்த மறுகணம் நீ கைகொடு.

காலைப் பயிற்சியின்போது எனக்கு வீடியோ கால் போட்டு, போனை மேஜையில் சாய்த்து வை. பேசக்கூட வேண்டாம். அவர் எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாலும் அவசரப்படுத்தாதே. நான் அடுத்த பஸ்ஸில் போய்க்கொள்கிறேன்.

உன் பெரியவள்