திங்கட்கிழமை போட்ட கடிதம்

உன் ஆர்மோனியத்தைச் சபைக்குக் கேட்டு இன்று காலை போதகர் வந்திருந்தார். மூடியைத் திறந்ததும் அந்துருண்டை வாசனையோடு உன் தலை எண்ணெய் வாசனையும் எழுந்தது. நீ போய் ஏழு மாதமாகிறது, வாசனை போகவில்லை. போதகர் துருத்தியை அழுத்திப் பார்த்தார். "பேஷா இருக்குது. மனசோடதான் குடுக்குறீங்களா?" என்றார். வாசிக்க ஆளில்லாத சாமானைப் பூட்டி வைப்பது வியாபாரிக்கு அழகில்லை, எடுத்துப் போங்கள் என்றேன். அது இருந்த இடத்தில் தரை மட்டும் வேறு நிறமாகக் கிடக்கிறது. கடைக்குப் போக மனம் வரவில்லை. உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நீ பாட்டு டீச்சர் படிப்புக்குப் பட்டணம் போன இரண்டு வருஷமும் நான் உனக்கு எழுதிய கடிதம் ஒன்றுகூட என் பேரில் இல்லை. விடுதியில் தகப்பன் கடிதம் மட்டும்தான் உள்ளே வரும். அதையும் வார்டனம்மா பிரித்துப் படித்துவிட்டுத்தான் தருவார். உன் நைனா, அதாவது என் மாமாவுக்கோ எழுத்து தெரியாது. அதனால் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நான் அம்மையார்குப்பத்துக்கு லுங்கி எடுக்கப் போகிற சாக்கில் மாமா வீட்டுக்குப் போவேன். அவர் சொல்லச் சொல்ல எழுதுவேன். கடைசியில் அவர் ஒரு சிலுவைக் கோடு போடுவார். அதுதான் கையெழுத்து. நடுவில் எனக்கென்று ஒரு வரி சேர்த்துக்கொள்வேன்: 'திருத்தணி லுங்கிக் கடைக்காரர் சௌக்கியம், ஆனால் இளைத்துவிட்டார்.'

உன் பதிலை மாமாவுக்கு வாசித்துக் காட்டுவதும் நானே. முதலில் எங்கள் கடிதம் எத்தனை நாளில் வந்து சேர்ந்தது என்று எழுதியிருப்பாய். பிறகு சாப்பாடு, தலைவலி, பரீட்சை. கடைசியில் 'இந்த வாரப் பாடம்' என்று ஒரு வரி ஸ்வரம். எனக்கு அது வெறும் எழுத்து. படிக்கத் தெரிந்த எனக்குப் பாட வராது. பாடத் தெரிந்த மாமாவுக்குப் படிக்க வராது. நான் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல, அவர் தறியில் கால் மிதித்தபடியே ராகமாக்கிப் பார்ப்பார். ஒருநாள் தறி நின்றுவிட்டது.

"டேய், இது பாடமா? நம்மூட்டுக் கல்யாணத்துல மாப்ளய கிண்டல் பண்ணிப் பாடுவாங்களே, அந்த மெட்டுடா."

"அப்பிடியா மாமா? எனக்கின்னா தெரியும்."

"உனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அந்த வார்டனம்மாவுக்குத் தெரிஞ்சா பள்ளிக்கூடத்தையே இட்சிப் போட்டுடுவா." சிரித்துச் சிரித்து அவருக்கு இருமல் வந்துவிட்டது.

மாதம் ஒருமுறை சரக்கோடு பட்டணம் வருவேன். தகப்பன் கூட இல்லாமல் உன்னைப் பார்க்க விடமாட்டார்கள். சனிக்கிழமை மாலையில் நீங்கள் பாடிப் பழகும் நேரம் பார்த்து மதில் ஓரம் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு நிற்பேன். நாற்பது குரல் சேர்ந்து வரும். அதில் உன் குரல் எது என்று ஒருநாளும் எனக்குப் பிடிபட்டதில்லை. ஆனாலும், 'கடைக்காரர் மதிலோரம் நின்று கேட்டாராம், உன் குரல் தனியாகத் தெரிந்ததாம்' என்று மாமா பேரில் எழுதிவைத்தேன். 'அன்னிக்கு எனக்குத் தொண்டை கட்டிக்கினு இருந்துச்சு நைனா, நான் பாடவே இல்லன்னு அவர்கிட்ட சொல்லு' என்று பதில் எழுதினாய். அதை நானே மாமாவுக்கு வாசிக்க வேண்டியிருந்தது.

படிப்பு முடிகிற சமயம் அந்தக் கடிதம் வந்தது. படித்த பள்ளியிலேயே உனக்குப் பாட்டு டீச்சர் வேலை தருகிறார்கள். பாடகர் குழுவும் உன் பொறுப்பு. தகப்பன் சம்மதம் எழுத்தில் வேண்டும், வருகிற சனிக்கிழமைக்குள். ஸ்வரம் எழுதாத கடிதம் அது ஒன்றுதான். நமக்குப் பேசிவைத்த கல்யாணத்தை இரண்டு வருஷம் தள்ளிவைக்க பாவாவுக்கு, அதாவது எனக்கு, சம்மதமா என்றும் கேட்டிருந்தாய்.

மாமா யோசிக்கவே இல்லை. "எய்துடா. வேலைய விடாதம்மா. கல்யாணம் எங்க ஓடிப்போவுது? இவன் வாரத்துக்கு ஒரு வாட்டி ரயிலேறினா சரியாப் போச்சு." நிமிர்ந்து பார்த்தார். "இன்னாடா, எய்துறியா, என் மூஞ்சியப் பாத்துக்கினு இருக்கியா?"

எழுதினேன். ஒரு சொல்லும் மாற்றவில்லை. அவர் கோடு போட்டார். உறையில் போட்டு ஒட்டி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திருத்தணி வந்தேன்.

அது கிருத்திகை வாரம். மலை ஏறுகிற கூட்டம், கடையில் கால் வைக்க இடமில்லை. தபாலாபீசுக்குப் போக நேரமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். வாசலோடு தினம் இரண்டு தடவை போனேன். நூல் கிடைக்காத யுத்த காலத்தில் சரக்கை எத்தனை நாள் பிடித்துவைத்தால் சந்தை நம் பக்கம் திரும்பும் என்று கற்றுக்கொண்டவன் நான். அந்தக் கணக்கை உன்னிடமும் போட்டேன். சனி கழிந்தது. ஞாயிறு ஆராதனையில் உன் நைனா பக்கத்தில் நின்று ஆமென் சொன்னேன். திங்கட்கிழமை தபாலில் போட்டேன்.

நீ தகரப் பெட்டியோடு ஸ்டேஷனில் இறங்கினாய்.

"நைனா கடுதாசி லேட்டாதான் கிடச்சுது பாவா. வேற பொண்ணுக்குக் குடுத்துட்டாங்க."

"யுத்த காலம் இல்ல? தபால்லாம் அப்பிடித்தான் ஆயிப்போச்சு."

"ஆங்" என்றாய். பெட்டியை என்னிடம் தரவில்லை. நீயே தூக்கிக்கொண்டு நடந்தாய்.

மூன்று வருஷம் வாழ்ந்தோம். என்னிடம் முகம் சுளித்ததில்லை. லுங்கிகளை மடித்து அடுக்கும்போது அந்த அடுக்கின் மேல் உன் விரல்கள் ஸ்வரக்கட்டை தேடி ஓடும். அதைப் பார்த்துவிட்டுத்தான் பட்டணத்தில் வீடு காலி செய்தவர்களிடம் அந்த ஆர்மோனியத்தை வாங்கி வந்தேன். ஒரு மாலை முழுக்க வாசித்தாய். "நல்லாதான் இருக்குது பாவா. கூடப் பாடத்தான் ஆளில்ல" என்றாய். அப்போதாவது சொல்லியிருக்கலாம். போன புரட்டாசியில் விஷக்காய்ச்சலில் நீ பதினோரு நாள் கிடந்து கண்மூடும் வரையும் பக்கத்திலேயே இருந்தேன். சொல்லவில்லை.

உறையின் மேல் தபால் முத்திரை இருக்கும், முத்திரையில் தேதி இருக்கும். ஊர் ஊராகப் பார்சல் அனுப்புகிறவன், எனக்கு அது அன்று தோன்றவே இல்லை. எந்தக் கடிதத்துக்கும் நாள் எண்ணுகிறவள் நீ. பார்த்திருப்பாய். பார்த்துவிட்டுத்தான் என்னோடு தாலிக்கு நின்றாயா? இல்லை, நைனா கடிதத்தைக் கண்ட அவசரத்தில் உறையைக் கிழித்துப் போட்டுவிட்டாயா? இதை விசாரிக்க எனக்கு உலகத்தில் ஒரு ஆள்தான் உண்டு, அது நீ.

கேட்பவள் இல்லாதபோது ஒப்புக்கொள்வது தைரியமில்லை என்று எனக்குத் தெரியும். மறுபடி அந்த வாரம் கிடைத்தால் அன்றே தபாலில் போட்டுவிடுவேன் என்று எழுதி முடிக்கத்தான் உட்கார்ந்தேன். விளக்கேற்றும் நேரம் ஆகிவிட்டது. அந்த வரியை இன்னும் எழுத முடியவில்லை.